ஆரியங்காவுப் பக்கத்துப் பாறைகளில் கரி

செங்கோட்டையில் அறை எடுத்துத் தங்கி, புளியரை கடந்து ஆரியங்காவு, புனலூர் வரை பாறை மாதிரி எடுப்பது என் வேலை. அங்கே கிடைக்கும் கோண்டலைட் என்ற பாறை ஒருகாலத்தில் களிமண் படிவு. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் 800 டிகிரிக்கும் மேல் வெந்தது. களிமண் கார்னெட், சில்லிமனைட் என்ற கனிமங்களாக மாறியது. அதிலிருந்த கரி, பென்சிலில் இருக்கும் கிராஃபைட் ஆனது.

படிவில் புதைந்த உயிர்ப்பொருள் சூடேறும்போது ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் எல்லாம் நீராகவும் மீத்தேனாகவும் கரியமில வாயுவாகவும் பிரிந்து போகின்றன. மிஞ்சும் கார்பன் தாறுமாறாகக் கிடந்த நிலை மாறி, அடுக்கடுக்காகப் படிகிறது. வெந்த சோறு மறுபடி அரிசியாகாது. பாறை ஆறினாலும் அந்த அடுக்கு குலையாது. அதனால்தான் ராமன் நிறமாலையில் (லேசர் பட்டுச் சிதறும் ஒளியின் பதிவில்) 1350 cm⁻¹-க்கு அருகே வரும் ஒழுங்கின்மை முகட்டை கிராஃபைட்டின் 1580 முகட்டோடு ஒப்பிட்டு, பாறை கண்ட உச்ச வெப்பத்தைக் கணக்கிடுகிறோம். ஆனால் அந்த முறை 330 முதல் 650 டிகிரி வரைதான் செல்லும். எங்கள் பாறைகள் அதைத் தாண்டியவை. அவற்றுக்குக் கார்னெட் போன்ற கனிமங்களைத்தான் கேட்க வேண்டும்.

எனக்குப் பிடித்த கேள்வி வேறு: இந்தக் கரி படிவோடு வந்ததா, பிறகு நுழைந்ததா? ஒருநாள் சாலை வெட்டில் உளி பிடித்திருந்த அண்ணாச்சி கூப்பிட்டார். "சார், மத்ததெல்லாம் பாறை வரியோடயே போகுது. இது குறுக்காலல்லா ஓடுது."

பார்த்தால், விரல் தடிமனில் கிராஃபைட் நரம்பு. கரியமில வாயு நிறைந்த பாய்மம் (பாறைக்குள் ஓடும் திரவமோ வாயுவோ) பிற்பாடு விரிசலில் ஊடுருவி அங்கே கார்பனை விட்டுச் சென்றிருக்கலாம்.

"அண்ணாச்சி, இதைத் தனிப் பையில போடுங்க."

கார்பன் ஐசோடோப்பை, அதாவது கனமான கார்பன்-13க்கும் லேசான கார்பன்-12க்கும் உள்ள விகிதத்தை, மட்டும் நம்பி இதைத் தீர்க்க முடியாது. ஒரு தர மாதிரியோடு ஒப்பிட்டால் அந்த விகிதம் உயிர்ப்பொருள் கார்பனில் ஆயிரத்துக்கு மைனஸ் 25 அளவில் இருக்கும், சுண்ணப் பாறையின் கார்பனேட்டில் பூஜ்யத்தை ஒட்டி. பக்கத்தில் சுண்ணப் பாறை இருந்தால் அந்த வெப்பத்தில் அதுவும் கிராஃபைட்டும் கார்பனைப் பரிமாறிக்கொள்ளும். உயிரிலிருந்து வந்த கரியும் பூஜ்யத்தை நோக்கி நகர்ந்த கனமான மதிப்பைக் காட்டும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும், வரியோடு கிடந்ததா குறுக்கே ஓடியதா, சுண்ணப் பாறை எவ்வளவு தூரம் என்பதை மலையிலேயே எழுதிவிடுகிறேன். ஆய்வகத்துக்கு வந்தபின் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

ஆய்வகத்திலும் கவனம் தேவை. மெருகேற்றும் உராய்வே கிராஃபைட்டின் அடுக்கைக் கலைத்து, இல்லாத ஒழுங்கின்மையைக் காட்டிவிடும். ஆகவே மேற்பரப்பில் தெரியும் செதிலை விட்டுவிட்டு, கார்னெட்டுக்குள்ளோ குவார்ட்ஸுக்குள்ளோ சற்று ஆழத்தில் கிடக்கும் செதிலைத் தேடி லேசரைக் குவிக்கிறேன்.