புதிய செயின்சாவும் கருவேலந்தூரும்

மானாமதுரைக்குக் கிழக்கே எங்களுக்குள்ள இரண்டரை ஏக்கர் புஞ்சை, உழவு நின்ற பத்து ஆண்டுகளில் சீமைக் கருவேலங்காடாக மாறிவிட்டது. அதைத் திருத்துவதற்காகச் சென்ற மாசியில் 18 அங்குலப் பார் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) கொண்ட செயின்சா ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் என்ஜினின் சிசியைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். செயினைத் தீட்டும் அரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அறுப்பது செயின்தான், என்ஜின் அதை இழுத்துக்கொண்டு ஓடுகிறது, அவ்வளவே என்பது எனக்கும் அன்று தெரியாது.

இது டூ ஸ்ட்ரோக் என்ஜின் என்பதால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். என் இயந்திரத்துக்கு 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. புது வண்டிதானே என்று கூடுதலாக ஊற்றச் சொன்னவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பிளக்கில் கரி பிடிக்கும் என்பதால் கையேட்டில் உள்ள அளவை நான் மீறவில்லை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதாலும், எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதாலும், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டுமே கலந்து வைக்கிறேன். முதல் மூன்று டேங்க் தீரும்வரை மரத்தில் வைக்காமல் வெறுமனே முழு வேகத்தில் முடுக்கக் கூடாது என்பது கையேட்டின் கண்டிப்பு. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு படிந்து வரும் காலம் அது. ஆகவே முதல் இரண்டு நாளும் கை மொத்தமுள்ள கிளைகளை மட்டுமே அறுத்தேன்.

அந்த இரண்டு நாளில் என்ஜினைவிட அதிகம் வேலை வைத்தது செயின். புதுச் செயின் சூடேறியதும் நீளும். ஐந்து நிமிடம் அறுப்பதற்குள் பாரின் அடிப்பக்கத்தில் தொய்ந்து தொங்கியது. நிறுத்தி, ஆறவிட்டு, பாரோடு ஒட்டி நிற்கும்படியும் அதே நேரத்தில் கையுறையோடு இழுத்தால் தடையின்றி நகரும்படியும் இறுக்க வேண்டும். முதல் டேங்க் முடிவதற்குள் நான்கு முறை இறுக்கினேன். பாருக்குப் போகும் ஆயில் தனி டேங்கில் இருக்கிறது. பெட்ரோல் தீரும்போது அதுவும் ஏறத்தாழ தீர்ந்திருக்க வேண்டும். நிறைய மிஞ்சியிருந்தால் ஆயில் செல்லும் துளை அடைத்திருக்கிறது என்று பொருள்.

மூன்றாம் நாள் தூருக்கு வந்தேன். நிலம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் தரையோடு தரையாக அறுத்தேன். நான்காவது தூரில், சோளப்பொரி போலச் சிதறிக்கொண்டிருந்த மரச்சீவல் மாவாக உதிரத் தொடங்கியது, அழுத்தினால்தான் இறங்கியது, புகை நாற்றமும் வந்தது. பக்கத்துக் காட்டில் கரிமூட்டம் போடும் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, “தம்பி, மண்ணுல பல்லு பட்டுருச்சு. ஒரு முழம் விட்டு அறுங்க. ஜேசிபிக்காரன் தூரைப் பிடிச்சு இழுக்க எதையாச்சும் மிச்சம் வைக்க வேணாமா?” என்றார். வேரோடு எடுக்காவிட்டால் கருவேலம் மறுபடியும் தழைக்கும். எப்படியும் ஜேசிபி வரத்தான் போகிறது. ஆக, நான் செயினையும் கெடுத்து, ஜேசிபிக்குப் பிடிமானமும் இல்லாமல் செய்திருக்கிறேன்.

அன்று மாலை 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம் வாங்கிவந்து தீட்டப் பழகினேன். பல்லின் மேல் விளிம்பில் உள்ள கோட்டுக்கு இணையாக, 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும் தள்ள வேண்டும். திரும்ப இழுக்கும்போது அரம் பல்லில் படக் கூடாது. ஒரு பல்லுக்கு மூன்று தள்ளு என்றால் எல்லாப் பல்லுக்கும் மூன்றுதான். நான் வலப்பக்கப் பற்களை ஆர்வமாகத் தேய்த்து, இடப்பக்கத்தைச் சோர்ந்துபோய்த் தேய்த்ததன் பலன் மறுநாள் தெரிந்தது: பார் நேரே இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து போயிற்று.

கருவேலம் ஒரே தண்டாக நிற்பதில்லை; ஒரு தூரிலிருந்து ஆறேழு கிளைத்து, ஒன்றையொன்று அழுத்திக்கொண்டு வளைந்திருக்கும். ஒன்றை அறுத்துக்கொண்டிருந்தபோது பாரின் நுனி பின்னால் மறைந்திருந்த இன்னொரு தண்டில் தொட்டது. நுனியின் மேற்பாதி எதிலும் படக் கூடாது என்று படித்திருந்தேன். கண் இமைப்பதற்குள் இயந்திரம் என் முகத்தை நோக்கி எகிறியது; இடக்கைக்கு முன்னால் இருந்த பிரேக் தட்டு புறங்கையில் இடித்துச் செயினை நிறுத்தியது. இடக்கைக் கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றியிருந்ததால்தான் பிடி நழுவவில்லை. அரை மணி நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பின்பு எந்தத் தண்டைத் தொடுமுன்பும் அரிவாளால் சுற்றிலும் சிம்புகளைக் கழித்து, நுனி போகும் இடத்தைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன். வில்லாக வளைந்த தண்டில் அமுங்கியிருக்கும் உட்பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டுத்தான் விரைத்த வெளிப்பக்கத்துக்கு வருகிறேன். வரிசை மாறினால் தண்டு பிளந்து முகத்தில் அடிக்கும். லுங்கியும் செருப்பும் வீட்டோடு சரி. எட்டாவது டேங்க் ஓடுகிறது. மாலையில் வேலை முடிந்ததும் செயினைச் சற்றுத் தளர்த்தி வைக்கிறேன். சூட்டில் இறுக்கியதை அப்படியே விட்டால், இரவில் ஆறிச் சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும்.