பிரெட் எண்ணிக்கையும் ஸ்லைசர் நம்பரும்

நியூஜெர்சில நான் ரெண்டு கடையில சாண்ட்விச் போட்டிருக்கேன். மொதல்ல ரெண்டு வருஷம் ஒரு பெரிய செயினோட கிளைல, அப்புறம் மூணு வருஷம் ஒரு பழைய இத்தாலியன் டெலில, அதாவது கறியும் சீஸும் வெட்டிக் குடுத்து சாண்ட்விச்சும் போடற கடைல. ரெண்டுக்கும் நடுவுல கார்ல பத்து நிமிஷம்தான், ரெண்டுலயும் நீள பிரெட்டைக் கீறி உள்ள கறியும் சீஸும் வெச்சுக் குடுக்கறதுதான் வேலை, ஆனாலும் ஒரு கடையில பழகின கை இன்னொரு கடைக்குப் போனதும் திணறிப் போச்சு.

நாங்க நியூஜெர்சி எடிசனுக்கு வந்தது 2012ல. எனக்கு ஹெச்-4 விசா, கணவரோட ஹெச்-1பி வேலை விசாவை ஒட்டி மனைவிக்குக் குடுக்கறது, அப்போ அதுல வேலை பாக்கக் கூடாது. சிவகாசில காலண்டர் பிரஸ்ல கணக்கு எழுதிட்டு இருந்தவ நாலு வருஷம் வீட்டுக்குள்ளயே இருந்தேன். 2015 மே 26ல இருந்து, கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காக கம்பெனி போடற மனு, அப்ரூவ் ஆகியிருந்தா ஹெச்-4ல இருக்கறவங்களும் வேலை அனுமதிக்கு அப்ளை பண்ணலாம்னு ரூல் வந்துச்சு. கார்டு கைக்கு வந்ததும் அக்கவுண்ட்ஸ் வேலைக்குத்தான் முதல்ல போட்டேன், அமெரிக்க அனுபவம் இருக்கான்னு கேட்டே எல்லாரும் அனுப்பிட்டாங்க. அதைக் கேக்காம எடுத்துக்கிட்டது அந்த சாண்ட்விச் செயின்தான். அதை நான் மறக்கவே மாட்டேன்.

எனக்கு அப்போ அமெரிக்கக்காரங்க வேகமா பேசினா பாதி புரியாது. ஆனா செயின்ல லைனே நம்மளைக் காப்பாத்தும். என்ன பிரெட், என்ன சைஸ், என்ன சீஸ், சூடு பண்ணணுமா, என்ன காய், என்ன சாஸ், அவ்வளவுதான் கேள்வி, அதே வரிசைல தினம் முந்நூறு தடவை. கஸ்டமர் சொல்றது புரியலன்னாலும் கண்ணாடிக்கு மேல விரலை நீட்டிக் காட்டுவாங்க. எந்த சாண்ட்விச்சுக்கு எத்தனை துண்டு கறி, சீஸை எப்படி அடுக்கணும்னு படம் போட்டு சுவத்துல ஒட்டியிருக்கும். ஒரு வாரத்துல வேலை கத்துக்கிட்டேன், மூணு மாசத்துல அந்த ஆறு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே இங்கிலீஷ் பேசவும் தைரியம் வந்துருச்சு. வீட்டுல மாட்டுக்கறி கிடையாது, அதனால ரோஸ்ட் பீஃப் எடுக்கும்போது முதல் வாரம் மட்டும் கை தயங்குச்சு.

இதெல்லாம் நல்லது. கஷ்டமா இருந்தது பிரெட் கணக்கு. மாவு உறைஞ்ச குச்சி குச்சியா ஃபிரீசர்ல வரும், ராத்திரி ஃபிரிட்ஜ்ல இளக வெச்சு, காலைல புரூஃபர்ல உப்ப வெச்சு, அப்புறம் ஓவன். ராத்திரி கடை மூடும்போது, காலைல இருந்தது, சுட்டது, வித்தது, வேஸ்ட் ஷீட்ல எழுதினது எல்லாம் கூட்டிக் கழிச்சா மிச்சம் இருக்கற பிரெட்டோட சரியா வரணும். கணக்கு எழுதினவளா எனக்கு அது பிடிச்சும் இருந்துச்சு, யாரு யோசிச்சாங்களோ நல்லா யோசிச்சிருக்காங்க, கறியையும் தக்காளியையும் எண்ண முடியாது, பிரெட்டை எண்ணிட்டா எத்தனை சாண்ட்விச் போச்சுன்னு தெரிஞ்சிரும். ஆனா ஒரு நாள் ரெண்டு பிரெட் குறைஞ்சுது. கீழ விழுந்ததை எடுத்துக் குப்பைல போட்டது நான், எழுத மறந்துட்டேன், அதைச் சொன்னேன். மறுநாள் ஓனர் கேமராவைப் பாத்துட்டு வந்துதான் "சரி பென், நீங்க சொன்னது நிஜம்தான்"னார். பென்னா குஜராத்தில சகோதரின்னு அர்த்தம். அவரும் குஜராத்லருந்து வந்து கஷ்டப்பட்டவர்தான். பொதுவா ஃபிரான்சைஸ் எடுத்தா, அதாவது ஒரு செயினோட பேர்ல சொந்தமா கடை நடத்தினா, லாபம் வந்தாலும் வராட்டியும் விற்பனைல ஒரு பங்கு கம்பெனிக்குப் போகும், சப்வேயோட வழக்கமான ஒப்பந்தத்துல ராயல்டி 8 சதவீதம், விளம்பரத்துக்கு 4.5 சதவீதம். மிச்சத்துலதான் வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம். அந்த நெருக்கடி புரியுது, ஆனாலும் என் வார்த்தையை நம்பாம கேமராவை நம்பினது இன்னைக்கும் வலிக்குது. இன்னொண்ணு, மிஞ்சின பிரெட்டை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. ராத்திரி நல்ல பிரெட்டை எண்ணி எழுதிட்டு கருப்புப் பையில போட்டுக் கட்டும்போது கை கூசும்.

பொண்ணு ஸ்கூல் போக ஆரம்பிச்சதும் கிளோசிங் ஷிஃப்ட் ஒத்து வரல. 2018ல ஒரு டெலி வாசல்ல ஆள் வேணும்னு பேப்பர்ல எழுதி ஒட்டியிருந்ததைப் பாத்துட்டு உள்ள போனேன். எழுபது வயசைத் தாண்டின பெரியவர், அப்பா காலத்துக் கடை. என் பேப்பர் எதையும் பாக்கல, "இந்தத் தக்காளியை நறுக்கு"ன்னு கத்தியைக் குடுத்தார். செயின்ல அதுக்கு ஒரு கருவி இருந்துச்சு, ஒரே அமுக்குல பத்து வில்லை. எங்க வீட்டு அரிவாள்மணைப் பழக்கம் கை குடுத்ததால நான் தப்பிச்சேன்.

அங்க படம் இல்ல, சார்ட் இல்ல, வரிசைக் கேள்வி இல்ல. முதல் நாளே ஒருத்தர் "காபகூல்" அரை பவுண்டு கேட்டார், கண்ணாடிக்குள்ள தேடறேன், எங்கயும் அந்தப் பேர் இல்ல. கப்பிகோலாங்கற பதப்படுத்தின பன்னிக்கறியைத்தான் அப்படிச் சொல்வாங்களாம், தெற்கு இத்தாலில இருந்து வந்த தாத்தா பாட்டி பேசின பேச்சு இங்க ஜெர்சில அப்படியே தங்கிருச்சு. மொசரெல்லா சீஸையும் கடைசி எழுத்தை விழுங்கித்தான் கேப்பாங்க. நான் ஒரு நோட்டுல எல்லாத்தையும் காதுல விழுந்த மாதிரியே தமிழ்ல எழுதி வெச்சுக்கிட்டேன்.

கறியையும் சீஸையும் துண்டு துண்டா வெட்டற ஸ்லைசர்தான் அந்தக் கடையோட உயிர். ராட்டர்டாம்ல ஒரு கறிக்கடைக்காரர், வான் பெர்கெல், 1898ல கண்டுபிடிச்ச மெஷின் அது. கடைக்கு உதவிக்கு வர்ற பையனுக்கு 17 வயசு, 18 ஆகாதவங்க வேலையிடத்துல அதை ஓட்டக் கூடாது, கழுவக் கூட கூடாதுன்னு ஃபெடரல் சட்டம், அதனால அது என் பொறுப்பு ஆச்சு. பக்கத்துல ஒரு திருகு இருக்கும், நம்பர் ஏற ஏற துண்டு தடிமனாகும். புரொஷூட்டோங்கற பன்னித்தொடைக் கறி, பின்னாடி இருக்கற கை தெரியற அளவுக்கு மெல்லிசா வரணும், சலாமி கொஞ்சம் ஏத்தணும், புரோவலோன் சீஸுக்கு இன்னும் ஏத்தணும். அது கூட மனப்பாடம் பண்ணிரலாம். ஆனா பல் சரியில்லாத ஒரு அம்மா வருவாங்க, அவங்களுக்கு ஹாம் தானா பிய்ஞ்சு விழற மாதிரி இறக்கி வெட்டணும், தோட்ட வேலை பாக்கற ஆளுங்க வந்தா கடிக்கற மாதிரி தடிமனா வெட்டணும், இதெல்லாம் எங்கயும் எழுதி வெக்கல. ஆளு கதவைத் தொறக்கும்போதே பெரியவர் கை திருகுக்குப் போயிரும். எனக்கு அது வர ஒன்னரை வருஷம் ஆச்சு. வந்த அன்னைக்கு அவர் ஒண்ணும் சொல்லல, ஸ்லைசரை என்கிட்ட விட்டுட்டு மொசரெல்லா இழுக்கப் போயிட்டார். அவரு பால் திரிஞ்ச கட்டியை கொதிக்கற மாதிரி இருக்கற உப்புத் தண்ணில போட்டு இழுத்து மடிக்கறதைப் பாத்தா நம்ம ஊர் பரோட்டா மாஸ்டர் ஞாபகம் வரும், கை செவந்து போயிருக்கும்.

எனக்குள்ள இருந்த கணக்குக்காரி மட்டும் சும்மா இருக்கல. இங்க யாரும் பிரெட்டை எண்ணல. விடியக்காலைல பேக்கரிக்காரர் காகிதப் பையில வாசல்ல வெச்சுட்டுப் போவார், மிஞ்சினா காய வெச்சு அரைச்சு பிரெட் தூளா பவுண்டு கணக்குல வித்துருவாங்க, கட்லெட்டுக்கும் கத்திரிக்காய்க்கும் அந்தத் தூள்தான். கறியோட நுனித் துண்டெல்லாம் சேர்ந்து பாஸ்தா சாலட்ல போயிரும். குப்பைக்குன்னு போனது ரொம்பக் கம்மி. சரி, லாபம் எவ்வளவுன்னு கேட்டா டிராயரைத் தொறந்து காட்டினார். நான் ரெண்டு மாசம் ஒவ்வொரு இத்தாலியன் சப்லயும், அதாவது நீள பிரெட் சாண்ட்விச்லயும், வெக்கற கறியை எடை போட்டு எழுதினேன். கண்ணளவுல அள்ளி அள்ளி வெக்கறார், நிறைய நாள் அந்த ஒரு சப்ல நஷ்டம். நோட்டைக் காட்டினப்ப அவர் சொன்னது, "இவ்வளவு வெச்சாத்தான் அது எங்கப்பாவோட சப்." கறியைக் குறைக்க ஒத்துக்கவே இல்ல. கடைசில விலைல 50 சென்ட் ஏத்தினார், மூணு வாரம் வர்றவங்க எல்லார்கிட்டயும் அதுக்கு மன்னிப்புக் கேட்டுட்டே இருந்தார்.

ஒண்ணு யோசிச்சா ஆச்சரியமா இருக்கும், செயினும் ஒரு காலத்துல ஒத்தைக் கடைதான். சப்வே 1965ல கனெக்டிகட் பிரிட்ஜ்போர்ட்ல ஒரு 17 வயசுப் பையன் குடும்ப நண்பர்கிட்ட 1000 டாலர் வாங்கி ஆரம்பிச்சது. ஜெர்சி மைக்ஸ்ங்கற இன்னொரு சாண்ட்விச் செயின் இங்க நியூஜெர்சி பாயிண்ட் பிளசன்ட்ல 1956ல இருந்து இருந்த ஒரு கடை, அதுல வேலை பாத்த பீட்டர் கேன்க்ரோ 1975ல அதே 17 வயசுல அதை விலைக்கு வாங்கினார். எங்க பெரியவரும் அந்த வயசுலதான் கடைல நின்னாராம். அந்த செயின்காரங்க தாங்க செய்யறதை அடுத்தவங்களும் செய்யற மாதிரி எழுதி வெச்சாங்க, எங்க பெரியவர் எதையும் எழுதல. 2019ல இவருக்கு முட்டி ஆபரேஷன், ஆறு வாரம் கடை மூடிக் கிடந்துச்சு. செயின்ல ஆள் வரலன்னா பக்கத்துக் கிளைல இருந்து ஒருத்தர் வந்து நின்னுடுவாங்க, சுவத்துல படம் இருக்கே. இங்க வறுத்த குடைமிளகாய்க்கு எவ்வளவு வினிகர்னு கூட அவர் கைக்குத்தான் தெரியும். அதை மட்டும் நான் பக்கத்துல நின்னு அளந்து நோட்டுல எழுதிட்டேன். 2021ல பிள்ளைங்க யாரும் எடுத்துக்கலன்னு கடையை மூடிட்டார்.

2023ல சப்வே அமெரிக்கா முழுக்க கடைங்களுக்கு ஸ்லைசர் கொண்டு வந்து கறியை அங்கயே வெட்ட ஆரம்பிச்சாங்க. நல்ல விஷயம்தான், வெட்டி ரொம்ப நேரமான துண்டுல அந்த வாசனை இருக்காது.

இப்போ நான் ஒரு ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்கறேன். செயினுக்குப் போனா போனை உள்ள வெச்சுட்டு, பிரெட்ல இருந்து சாஸ் வரைக்கும் லைன் போற வரிசைலயே சொல்லிருவேன், உள்ள நிக்கற பொண்ணுக்கு மறுபடி கேக்கற வேலை மிச்சம். டெலிக்கு மதியம் பன்னெண்டரைக்குப் போறதில்ல. கூட்டம் கலைஞ்சு ரெண்டு மணிக்கு மேல போய், ஸ்லைசர்கிட்ட நிக்கறவங்க கையைக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஹாம் எந்த நம்பர்ல வெட்டறீங்கன்னு கேட்டுட்டு, பொண்ணுக்கு அரை பவுண்டு வாங்கிட்டு வர்றேன்.