உலை வைக்குமுன் ஒரு பிடி

அம்மாவின் அடுக்களையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஒரு பழைய பால்மாவு டப்பா எப்போதும் இருக்கும். உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் ஒரு பிடி எடுத்து அதில் போடுவாள். சேர்ந்த அரிசி மாதாமாதம் கோயிலுக்குப் போகும். திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவச் சபைகளில் வளர்ந்தவர்களுக்குப் பிடியரிசியைப் பற்றி நான் விளக்கத் தேவையில்லை.

ஜனவரியில் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அரிசி இருந்தது. கடைசி வாரம் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லையாம். அப்போதும் நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப் போடச் சொல்லி, உட்கார்ந்தபடியே பிடியரிசி எடுத்தாள் என்று அடுத்த வீட்டில் இருக்கும் சித்தி சொன்னாள். அன்று நான் அழுத அழுகையில் பாதி அம்மாவுக்காக. மீதி எனக்காக.

நான் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள், வராத சரக்குக்கு பில் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த முதல் பில்லுக்கு மூன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நாலாவது பில்லுக்கு நன்றாகத் தூங்கினேன். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போனேன், பாடகர் குழுவில் நின்று பாடினேன், திருவிருந்து எடுத்தேன். ஆண்டவரை விட்டு விலகிவிட்டேன் என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். "ஏட்டி, நம்ம பழைய கோயிலையெல்லாம் ஒருதரம் பாத்துட்டு வருவோமா?" என்று சித்திதான் கேட்டாள். வாழ்நாள் எல்லாம் திசையன்விளைப் பக்கம் இருந்தும், எழுபது வயதுவரை அவள் டோனாவூரைப் பார்த்ததில்லை.

முதலில் பாளையங்கோட்டை. ஊசிக் கோபுரத்தை எல்லாருக்கும் தெரியும். மிஷனரி ரேனியஸ் ஐயர் கட்டி 1826-இல் திறந்த கோயில். அதற்கும் முந்தியது குளோரிந்தாவின் சின்னக் கோயில். ஊர்க்காரர்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். தஞ்சாவூர்ப் பிராமண விதவை அந்த அம்மாள். ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து வந்தார். ஞானஸ்நானம் கேட்டபோது, இந்த வாழ்க்கையில் இருக்கும்வரை தர முடியாது என்று மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்தபின் மறுபடியும் போய்க் கேட்டார். 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1780-இல் எழுதிய பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் ஏறக்குறைய நாற்பது பேர் இருக்கிறார்கள். அவர் முயற்சியில் எழும்பிய கோயிலை 1785-இல் அதே சுவார்ட்ஸ் ஐயர் வந்து பிரதிஷ்டை செய்தார்.

இந்தக் கதையை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் கோயில் கட்டிய பெண் என்றுதான் மனதில் பதிந்தது. இந்த முறை அங்கே உட்கார்ந்திருந்தபோது, கேட்டும் கிடைக்காமல் அவர் திரும்பிப் போன அந்த நாள்தான் கண்முன் நின்றது. உன் வாழ்க்கை சரியில்லை என்று முகத்துக்கு நேராக ஒருவர் சொல்கிறார். அதைக் கேட்டும் அவர் கிறிஸ்துவை விடவில்லை. என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொல்ல முடியாதபடி நான் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை இடையன்குடிக்குக் கிளம்பினோம். திசையன்விளையைத் தாண்டியதும் இருபுறமும் செம்மண், பனை, உடைமரம். வழியில் ஒரு விளையோரம் பதனீர் விற்றுக்கொண்டிருந்தார்கள். சித்தி வண்டியை நிறுத்தச் சொன்னாள். ஓலைப்பட்டையில் ஊற்றி, மாங்காய்த் துண்டு போட்டுக் கொடுத்தார் பனையேறும் அண்ணாச்சி. அறுபதைத் தாண்டியவர். நெஞ்சில் மரம் உரசி உரசித் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. காலில் மாட்டும் தளைநார் பக்கத்தில் கிடந்தது. ஏற உதவும் முருக்குத்தடியைப் பனையில் சாய்த்து வைத்திருந்தார்.

"தெனமும் ஏறணுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஏறாம? காலையில ஒருக்க, சாயந்தரம் ஒருக்க. பாளைய மெல்லிசா சீவிக்கிட்டே வரணும். சும்மா விட்டுட்டா அடைச்சுக்கிடும். பெறவு நீங்க எவ்வளவு சீவினாலும் சொட்டாது."

"ஒரு நாளைக்கு ஒடம்புக்கு முடியலன்னா?"

"மவன் ஏறுவான். அவன் இல்லன்னா பக்கத்து விளைக்காரன் ஏறுவான். பாளை சும்மா கெடக்கக் கூடாதும்மா."

கலயத்தின் உட்புறத்தைக் காட்டினார். சுண்ணாம்பு தடவி வெள்ளையாக இருந்தது. அது இல்லாவிட்டால் இறக்குவதற்குள் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒவ்வொரு முறையும் கலயத்தைச் சுத்தம் செய்து, மறுபடி சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவாராம். நேற்றுத் தடவியது இன்றைக்கு உதவாது. பட்டையைக் கையில் வைத்தபடி நெடுநேரம் நின்றுவிட்டேன். சித்திதான் தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள்.

இடையன்குடிக் கோயிலைத் தூரத்தில் பார்த்தாலே மனது அடங்கிவிடும். இந்தப் பனங்காட்டு நடுவில் இப்படி ஒரு கற்கோயிலா என்று தோன்றும். கால்டுவெல் ஐயர் 1838-இல் சென்னைக்கு வந்தார். நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே பயணம் செய்து 1841-இல் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். கோயிலுக்கு அஸ்திபாரம் போட்டது 1847-இல். பிரதிஷ்டை நடந்தது 1880 ஜூலை 6-இல். நடுவில் முப்பத்துமூன்று வருடம். அந்த இடைவெளியில்தான் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. உலகம் அவரை அதற்காக நினைக்கிறது. இங்கே அவர் வாரத்துக்கு வாரம் பனையேறிகளுக்குப் பிரசங்கம் செய்தார். அவருடைய மனைவி எலைசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். 1891-இல் கொடைக்கானலில் கால்டுவெல் இறந்தபோது உடலை இங்கேதான் கொண்டுவந்து, இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

முப்பத்துமூன்று வருடம் என்று வாயால் சொல்லிவிடலாம். அஸ்திபாரத்தன்று கல் சுமந்த வாலிபன் பிரதிஷ்டையன்று பேரப்பிள்ளையைக் கையில் பிடித்து வந்திருப்பான்.

உள்ளே நல்ல குளிர்ச்சி. எங்கள் இரண்டு பேரைத் தவிர, பெருக்கிக்கொண்டிருந்த கோயில்பிள்ளை மட்டும்தான். சித்தி வேதாகமத்தை எடுத்து, அன்றைய பகுதியைத் தாழ்ந்த குரலில் வாசித்தாள். லூக்கா ஒன்பதாம் அதிகாரம். "ஒருவன் என் பின்னே வர விரும்பினால் அவன் தன்னைத் தான் வெறுத்து, தன் சிலுவையை அநுதினமும் எடுத்துக்கொண்டு, என்னைப் பின்பற்றக்கடவன்." இதே வசனம் மத்தேயுவிலும் மாற்குவிலும் உண்டு. 'அநுதினமும்' என்ற சொல் மட்டும் லூக்காவில்தான் இருக்கிறது. எத்தனையோ முறை படித்த வசனம். சிலுவை என்றதும் ஏதோ ஒரு பெரிய நாளில், பெரிய பாடு ஒன்று வரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன். அலுவலக மேசையில் என் முன் வைத்த பில் புத்தகம் சிலுவையாக எனக்குத் தெரியவே இல்லை.

அங்கேயே சித்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குரல் நடுங்கியது. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஆண்டவர் மன்னிப்பார் என்று உடனே தேற்றுவாள் என எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"சரி. திங்கக்கெழம என்ன செய்யப் போற?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சேர்ந்து முழங்கால்படியிட்டோம். என் பெயரைச் சொல்லி, அம்மா பெயரைச் சொல்லி, அந்தத் திங்கட்கிழமையையும் சொல்லி ஜெபித்தாள்.

டோனாவூருக்கு மூன்றாம் நாள் போனோம். மேற்கே மலை சுவர்போல நிற்க, அடிவாரத்தில் மரநிழலும் சிவப்பு ஓட்டு வீடுகளும். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்தவர், பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1901-இல் தப்பி ஓடி வந்த ஒரு சிறுமிக்கு அடைக்கலம் கொடுத்ததில் தொடங்கியது இங்குள்ள பிள்ளைகளின் குடும்பம். அது எல்லாரும் சொல்லும் கதை. அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் நான் யோசித்துக்கொண்டே நடந்தேன். 1931-இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்க முடியாது. வலியோடு விழித்து, அன்றைக்கும் ஆண்டவரை நம்பி, படுத்தபடியே எழுதினார். அவர் விருப்பப்படி கல்லறையில் கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் 'அம்மா' என்ற சொல். நாங்கள் போனபோது ஒரு மைனா அதில் இறகை நனைத்துக்கொண்டிருந்தது. அது பறந்து போகும்வரை சித்தி அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கோயிலில் ஆராதனை. அம்மாவின் டப்பாவில் இருந்த அரிசியை நானே கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டினேன். காலி டப்பாவைச் சித்தி துடைத்து, ஒரு கருப்பட்டிப் பொட்டலத்தோடு என் பையில் வைத்தாள். அன்று இரவு ரயிலில் எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் முதல் பில்லுக்கு இருந்த அதே தூக்கமின்மை. ஆண்டவரே, இதைத் திரும்பக் கொடுத்தீரே என்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

திங்கள் காலை வீடு வந்து சேர்ந்ததும் அரிசி அளந்தேன். களைவதற்கு முன் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டேன். பதினொரு மணிக்கு மேலாளர் அறைக்குப் போய், இனி அந்த பில்களை எழுத மாட்டேன், எழுதியவற்றையும் முதலாளியிடம் சொல்லப் போகிறேன் என்றேன். யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். யோசித்துத்தான் வந்தேன் சார் என்றேன். மத்தியானம் முதலாளியிடமும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கையால் போகச் சொன்னார்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. பில் புத்தகத்தை என் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலையில் வைத்திருப்பார்களா என்பது மாதக் கடைசியில் தெரியும். சித்தி தினமும் காலை ஆறு மணிக்கு போன் பண்ணுகிறாள். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

"ஏட்டி, பிடியரிசி எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் சித்தி."

"சரி, அடுப்பப் பாரு."