துணி விலக்கிய நாள்

டிசெக்‌ஷன் ஹாலுக்குள், அதாவது மருத்துவக் கல்லூரியில் இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடத்துக்குள், நுழைந்ததும் மயக்கம் வரும் என்று மூத்த மாணவர்கள் பயமுறுத்தியிருந்தார்கள், எனக்கு வரவில்லை. உடல் கெடாமலிருக்கப் பயன்படுத்தும் ஃபார்மலின் நெடியில் கண் எரிந்து நீர் வடிய, ஒரே மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றிருந்ததில், எதிரே கிடப்பவர் ஒரு மனிதர் என்ற எண்ணம் எழவே இடமில்லாமல் போயிற்று. விடுதியில் சில நாட்கள் ஆட்டுக்கறியைத் தொட முடியவில்லை. பிறகு அதுவும் பழகிவிட்டது.

எங்கள் மேசையில் இருந்தது ஒரு மூதாட்டியின் உடல். கை, கால், மார்பு, வயிறு என்று பாடம் நகர்ந்த மாதங்கள் முழுவதும் முகம் ஈரத்துணியால் மூடியே இருந்தது. தோல் காய்ந்துவிடாமல் இருக்கப் போட்டிருந்த அந்தத் துணிதான் எங்கள் மனத்தையும் காத்து வந்தது என்பது, தலை, கழுத்துப் பகுதிக்கு வந்து அதை விலக்கிய அன்றுதான் எனக்குப் புரிந்தது. பாம்படம் என்ற கனத்த காதணி போட்டு வளர்த்த காதுகள். தொள்ளைக்காது என்பார்கள் எங்கள் திருநெல்வேலிப் பக்கம். நகை ஏதுமின்றித் தொங்கிய சோணைகள் விறைத்து, தோல்வார் போல் இருந்தன. இடது சோணையில், அறுந்து தைத்த பழைய தழும்பு. என் ஆச்சிக்கும் இதே போன்ற காதுதான்.

அன்று நான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது கிரேட் ஆரிகுலர் நரம்பு. கழுத்துத் தசையின் பின்விளிம்பைச் சுற்றி மேலேறி, காதுச் சோணைக்கு உணர்வைத் தரும் நரம்பு அது. காது குத்திய வலியும், பாம்படத்தின் பாரமும், சோணை அறுந்த வேதனையும் இந்த இழை வழியாகத்தானே போயிருக்கும் என்று தோன்றியதும் என் கை நின்றுவிட்டது. ஏன் நிறுத்தினாய் என்று ஆசிரியர் கேட்டபோது, நரம்பு தட்டுப்படவில்லை ஐயா என்றேன்.

1951ஆம் ஆண்டின் உடற்கூறியல் சட்டத்தின் வழியே, மருத்துவமனையில் இறந்து, எவரும் உரிமை கோராத உடல்களே அந்நாளில் எங்களுக்கு வந்தன. அந்தக் காதை வளர்த்து அழகு பார்க்க ஒரு காலத்தில் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது, கடைசியில் ஒருவரும் வரவில்லை என்பதும், அவரிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை என்பதும் என்னை நெடுநாள் வருத்தின. இதையெல்லாம் பேச வகுப்பில் இடமே இருக்கவில்லை; சிலர் உரக்கச் சிரித்து மறைத்தார்கள், உடன்படித்த ஒருத்தி ஒரு வாரம் வகுப்புக்கே வரவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், இறந்தவரின் உடலை மாணவரின் முதல் ஆசிரியராகக் கருதச் சொல்லி, அதைப் பற்றிக் கலந்து பேசவும் நேரம் ஒதுக்கியிருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒரு மணி நேரம் வாய்த்திருக்க வேண்டும் என்று இன்றும் ஏங்குகிறேன்.

அந்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது, ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏய்யா, நீங்க அறுத்துப் படிக்கது ஆம்பளையா, பொம்பளையா?" என்று கேட்டாள். அவள் காதைப் பார்க்காமல், ஆம்பளைதான் ஆச்சி என்று சொன்னேன்.