வீட்டிலேயே ஒரு வா பெடல்: சர்க்யூட்டை விடக் காலைக் கவனியுங்கள்

வா பெடல், அதாவது காலால் மிதிக்க மிதிக்கக் கிடார் சத்தத்தை ‘வா வா’ என்று பேச வைக்கும் பெட்டி, அதைச் சொந்தமாகச் செய்கிறேன் என்று சொன்னால் கிடார் வாசிக்கிற நண்பர்கள் உடனே கேட்பது எந்த இன்டக்டர், எந்த டிரான்சிஸ்டர் என்றுதான். அவையும் முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் செய்து முடித்து மேடையில் போட்டு மிதித்துப் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது வேறு. உங்கள் பாதம் ஒரு அங்குலம் அசையும்போது சத்தம் எவ்வளவு நகர்கிறது என்பதில்தான் பெடலின் உயிரே இருக்கிறது, அதைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை.

எங்கள் லைட் மியூசிக் குழுவில் நான் கிடார். ஆடி மாதம் வந்தால் பெங்களூரில் அல்சூர், சிவாஜிநகர் பக்கமெல்லாம் அம்மன் கோயில் திருவிழா, கச்சேரி. எண்பதுகளின் படப் பாடல்கள் இல்லாமல் கூட்டம் விடாது, அந்தப் பாடல்களின் கிடாரில் பல இடங்களில் வா வேண்டும். மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில் இருக்கிற வா எனக்குப் பிடிக்கவில்லை, காலை முக்கால்வாசி நகர்த்தும் வரை சும்மா இருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று கீச்சிடுகிறது. அதனால்தான் நானே செய்ய உட்கார்ந்தேன்.

சர்க்யூட் புதிதல்ல. 1966ல் கலிஃபோர்னியாவில் தாமஸ் ஆர்கன் கம்பெனியில் பிராட் பிளங்கெட் என்ற எஞ்சினியர், வாக்ஸ் ஆம்ப் ஒன்றில் நடு அலைவரிசையைத் தூக்கிக் காட்டும் சுவிட்சுக்குப் பதிலாக விலை குறைந்த பொட்டென்ஷியோமீட்டர் (நாம் வால்யூம் கன்ட்ரோல் என்று சொல்கிற திருகும் ரெசிஸ்டர்) ஒன்றைப் போட்டுப் பார்த்தார். அதைத் திருகும்போது வந்த சத்தம் பிடித்துப்போய், ஆர்கனின் வால்யூம் பெடலுக்குள் அதைப் பொருத்தினார்கள். இன்றைக்கும் பெரும்பாலான வா பெடல்களின் அடிப்படை அதுதான்: இரண்டு டிரான்சிஸ்டர், 500 மில்லி ஹென்றி அளவில் ஒரு இன்டக்டர் (கம்பிச் சுருள்), 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், 100 கே வால்யூம் கன்ட்ரோல். இன்டக்டரும் கெப்பாசிட்டரும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் தூக்கிக் கொடுக்கும். பெடலை மிதித்தால் அந்த உச்சி மேலே போகும், குதிகாலை அழுத்தினால் கீழே வரும். நாம் வாயைக் குவித்து ‘ஊ’ என்று ஆரம்பித்து ‘ஆ’ என்று திறக்கும்போது வாய்க்குள் நடப்பதும் இதேதான், அதனால்தான் அந்தச் சத்தம் யாரோ பேசுவதுபோல் கேட்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த சர்க்யூட்டில் கெப்பாசிட்டரின் மதிப்பு உண்மையில் மாறுவதில்லை. முதல் டிரான்சிஸ்டரிலிருந்து வரும் பெருக்கப்பட்ட சிக்னலில் ஒரு பங்கை வால்யூம் கன்ட்ரோல் எடுத்து, இரண்டாவது டிரான்சிஸ்டர் வழியாகக் கெப்பாசிட்டரின் மறுமுனைக்குத் திருப்பி அனுப்புகிறது. அப்படி அனுப்பினால் அந்தக் கெப்பாசிட்டர் பல மடங்கு பெரியதுபோல் நடந்துகொள்ளும். ஒன்றுமே திருப்பி அனுப்பாதபோது 500 மில்லி ஹென்றியும் 0.01 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்து ஏறக்குறைய 2250 ஹெர்ட்ஸ், இது விரல் பக்கம் முழுக்க அழுத்திய நிலை. முழுவதும் அனுப்பும்போது கெப்பாசிட்டர் சுமார் 25 மடங்காகத் தெரிந்தால் 450 ஹெர்ட்ஸ், இது குதிகால் நிலை.

நடுவில் என்ன ஆகிறது என்று காகிதத்தில் போட்டுப் பாருங்கள். சீராக ஏறும் லீனியர் கன்ட்ரோல் போட்டிருந்தால், குதிகாலிலிருந்து பாதி தூரம் வரும்போது 624 ஹெர்ட்ஸ்தான் ஆகியிருக்கும். முக்கால் தூரத்தில் 850. பத்தில் ஒன்பது பங்கு தூரம் வந்தபிறகும் 1220தான், மிச்சமிருக்கும் அந்தக் கடைசிச் சிறு துண்டில் 2250 வரை பாய்கிறது! ரசமான சத்தமெல்லாம் அந்த மூலையில் மாட்டிக்கொள்கிறது. காலால் அதை நிதானமாகப் பிடிக்கவே முடியாது. மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியில் என்னை எரிச்சல்படுத்தியதும் இதே நடத்தைதான்.

இதற்கு மருந்து லாக் கன்ட்ரோல். அது நடுப்புள்ளியில் மொத்த மதிப்பில் 15 சதவீதம் போலத்தான் காட்டும். கிரவுண்டு முனை விரல் பக்கம் வரும்படி மாட்டினால் பாதி தூரத்தில் ஏறக்குறைய 1050 ஹெர்ட்ஸ் வருகிறது. நம் காது கேட்கும் கணக்கில் 450க்கும் 2250க்கும் சரியான நடு 1006, அதாவது கிட்டத்தட்ட அதே இடம். இந்தக் கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதைப் பார்த்தபோது உண்மையிலேயே மனசு நிறைந்துபோனது.

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் மேலே அடித்திருக்கும் எழுத்தை மட்டும் நம்பாதீர்கள். இப்போது வருகிறவற்றில் ‘ஏ’ என்றால் லாக், ‘பி’ என்றால் லீனியர். பழைய ஐரோப்பியச் சரக்கில் ‘ஏ’ என்றால் லீனியர். மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய், கன்ட்ரோலை நடுவில் நிறுத்தி, ஓரக் காலுக்கும் நடுக் காலுக்கும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் 10, 15 கே என்று காட்டினால் லாக், இரண்டு பக்கமும் 50 கே என்றால் லீனியர். தமிழ், கன்னடம், இந்தி எல்லாம் கலந்து பேசுகிற அந்தக் கடைக்காரர்கள் நீங்கள் அளப்பதைப் பார்த்துக் கோபித்துக்கொள்வதில்லை, எதற்கு என்று ஆர்வமாகக் கேட்கிறார்கள். டிரான்சிஸ்டருக்கு பிசி 549 சி வாங்கினேன், இரைச்சல் குறைவு, பெருக்கம் அதிகம், விலையும் சில ரூபாய்தான். நம் ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் செய்த உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்களைத் தேடி எடுத்துப் போட்டால் பெருமையாக இருக்கும், சத்தத்தில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்டக்டரை நானே சுற்றினேன். பயப்பட ஒன்றுமில்லை. ஃபெரைட் பாட் கோர் ஒன்று, அதன் ஏ.எல். மதிப்பு (ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் இன்டக்டன்ஸ், சுற்றுகளின் வர்க்கத்தோடு பெருகும்) 2000 நானோ ஹென்றி என்றால் 500 மில்லி ஹென்றிக்குச் சரியாக 500 சுற்று. மோட்டார் வைண்டிங் கடைகளில் எனாமல் ஒயர் எடைக்குக் கிடைக்கும், 42 கேஜ், முடி மாதிரி இருக்கும். இழுத்துச் சுற்றினால் அறுந்துவிடும், ஒயர் சுருளைத் தரையில் நிற்க வைத்துத் தானாக உருவி வரும்படி விட்டுச் சுற்ற வேண்டும். இன்டக்டரை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டர் இல்லாவிட்டால் என்ன செய்வது? சுற்றியதை ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரோடு இணையாகச் சேர்த்து, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, 10 கே ரெசிஸ்டர் வழியாகச் செலுத்தி, ஆம்பில் கேளுங்கள். 712 ஹெர்ட்ஸ் பக்கத்தில் சத்தம் தூக்கிக் கேட்டால் 500 மில்லி ஹென்றி வந்துவிட்டது.

பாட் கோருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. சுருளை ஃபெரைட் முழுக்க மூடியிருப்பதால் வெளிக் காந்தப்புலம் எளிதில் உள்ளே போகாது. கோயில் மேடையில் பக்கத்திலேயே ஜெனரேட்டர், சீரியல் செட், யாரோ கொண்டுவந்து வைத்த ஸ்டெபிலைசர் என்று எல்லாம் இருக்கும். திறந்த கோர் இன்டக்டர் என்றால் அந்த 50 ஹெர்ட்ஸ் உறுமலை வாங்கி அப்படியே ஆம்புக்கு அனுப்பும்.

அடுத்தது பெடலின் உடம்பு. இதில்தான் எனக்கு அதிக நேரம் போனது, அதிக சந்தோஷமும் இதில்தான். கடைப் பெடல்களில் பல்சட்டமும் பல்சக்கரமும் இருக்கும். நான் பழைய வால்வு ரேடியோவில் ஸ்டேஷன் முள்ளை நகர்த்துமே, அந்த டயல் நூல் முறையை எடுத்துக்கொண்டேன். மிதிபலகை 20 டிகிரி சாய்கிறது, கீலிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒரு அலுமினியப் பட்டை கீழே தொங்குகிறது, அந்த இடத்தில் அசைவு சுமார் 5.2 சென்டிமீட்டர். அந்த 5.2 சென்டிமீட்டரில் கன்ட்ரோல் 270 டிகிரி சுற்ற வேண்டுமென்றால் அதன் தண்டில் மாட்டும் சக்கரத்தின் விட்டம் சுமார் 22 மில்லிமீட்டர். பட்டையின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் நூலைக் கட்டி, நடுவில் சக்கரத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றி, ஒரு முனையில் சின்ன ஸ்பிரிங். பல் இல்லை, இடைவெளி இல்லை, கால் எவ்வளவு மெதுவாக நகர்ந்தாலும் கன்ட்ரோல் கூடவே நகரும்.

சக்கரத்தை பீன்யாவில் லேத் வைத்திருக்கும் மாமா பையன் நைலானில் கடைந்து கொடுத்தான். “ஏன் மச்சான், 22க்குப் பதில் 25 போட்டா என்ன, கையில ரெடியா ராடு இருக்கு” என்றான். 25 என்றால் சுற்று 240 டிகிரிக்குள் நின்றுவிடும், ஒரு பக்கத்து ஓரம் கிடைக்காமல் போகும் என்று படம் போட்டுக் காட்டியதும், தாடையில் கையை வைத்துக் கொஞ்சம் யோசித்துவிட்டு மிஷினை ஓட்டினான்.

மீதியைக் காதுதான் முடிவு செய்யும். இன்டக்டருக்கு இணையாக இருக்கும் 33 கே ரெசிஸ்டரை ஏற்றினால் உச்சி கூர்மையாகும், இறக்கினால் மழுங்கும். என் கிடாரின் ஹம்பக்கர் பிக்கப்புக்கு 47 கே நன்றாக இருந்தது. ஃபுட் சுவிட்சுக்கு ஒன்பது கால் உள்ளதையே போடுங்கள், அணைத்தால் சர்க்யூட்டை முழுவதும் விலக்கிவிடும். பழைய பெடல்களில் அணைத்த பிறகும் உள்ளீடு சர்க்யூட்டோடு ஒட்டிக்கொண்டே இருந்து கிடாரின் தெளிவைத் தின்றுவிடும். வாவுக்குப் பிறகு ஃபஸ் பெடல் (சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடல்) மாட்டுகிறவர்கள் வெளியீட்டில் ஒரு டிரான்சிஸ்டர் பஃபர் (பாரத்தைத் தாங்கும் இடைநிலை) சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபஸ் பாரமாக அழுத்தி வா பேசவே செய்யாது. மொத்த மின்சாரச் செலவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவு, ஒரு 9 வோல்ட் பேட்டரி ஒரு சீசனுக்கே தாராளமாக வரும், ஜாக்கைப் பிடுங்கினால் பேட்டரி துண்டிக்கப்படும்படி ஸ்டீரியோ ஜாக் போட்டால்.

அடுத்து எங்கள் பேஸ் கிடார்காரர் தனக்கும் ஒன்று கேட்கிறார். அவருக்கு 0.01க்குப் பதில் 0.022 போட்டால் மேல் எல்லை 1500 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆனால் 41 ஹெர்ட்ஸ் தாழ்ந்த தந்தி வாவுக்குள் போனால் காணாமலே போய்விடும், எனவே சுத்தமான சிக்னலைப் பக்கவாட்டில் எடுத்துக் கடைசியில் கலக்க ஒரு மிக்சர் வேண்டும். அந்த சர்க்யூட்டை இப்போது பிரெட்போர்டில் போட்டு வைத்திருக்கிறேன்.