மான்குட்டிக்கு என்ன பதில்?

கடவுள் நல்லவர் என்றால் துன்பம் ஏன் என்று கேட்டதும், 'மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்தார், அவன் கெடுத்தான்' என்று பதில் வரும். கொலைக்கும் போருக்கும் அது ஓரளவு பொருந்தும். 1755 நவம்பர் 1 அன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நிலம் ஆடியதற்கு? அன்று புனிதர் அனைவர் பெருவிழா, தேவாலயங்களில் கூட்டம். கூரை விழுந்தது, கடல் ஏறியது, தீ பல நாள் எரிந்தது. இதில் யாருடைய சுதந்திரம்?

தத்துவவாதி வில்லியம் ரோ 1979-இல் இன்னும் நெருக்கிக் கேட்டார்: காட்டுத்தீயில் வெந்த மான்குட்டி ஒன்று, பல நாள் துடித்துச் சாகிறது. துன்பம் நம்மைப் பக்குவப்படுத்தும் என்பார்கள்; அந்த வலி யாரைப் பக்குவப்படுத்தியது?

'நமக்குத் தெரியாத காரணம் இருக்கலாம்' என்பதே மிச்சமிருக்கும் வலுவான பதில். ஆனால் அதைச் சொன்னவர், கடவுளின் நோக்கம் இன்னதென்று வேறெங்கும் அடித்துச் சொல்ல முடியாது. துக்க வீட்டில் 'எல்லாம் நன்மைக்கே' என்பது எனக்குக் கொடுமையாகவே படுகிறது.