காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எந்தப் பக்கம்

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு, புரெவி சூறாவளி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையில் கரையேறிக்கொண்டிருந்தபோது, திருகோணமலை உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் கடற்பக்க யன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டு நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். சூறாவளி கடலிலிருந்து வருவதால் காற்றும் கடலிலிருந்தே வரும் என்பது என் கணக்கு. காற்றோ தரைப்பக்கமிருந்து வந்தது. நான் கவனிக்காமல் விட்டிருந்த குசினிக் கதவின் தாழ்ப்பாள் தெறித்தது. மறுகணம் கூரையில் இரண்டு வரிசை ஓடுகள் கிளம்பிப் போயின. வெள்ளம் எட்டாது என்று அலுமாரியின் மேல் வைத்திருந்த காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் மேலிருந்து கொட்டிய மழையில் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். கடலின் மேற்படை 26, 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடாகி, அந்தச் சூடு ஏறத்தாழ 50 மீற்றர் ஆழம் வரை இறங்கியிருந்தால், அதிலிருந்து எழும் ஈரக்காற்று மேலே சென்று மழையாகும்போது வெளிவிடும் வெப்பமே சூறாவளியை ஓட்டும் எரிபொருள். கீழே உண்டாகும் தாழமுக்கத்தை நிரப்ப நாலாபுறமிருந்தும் விரைந்து வரும் காற்று, பூமியின் சுழற்சியால் திசை விலகி, நம்முடைய அரைக்கோளத்தில் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. புளோரிடாவில் இருக்கும் என் அண்ணன் மகள் ஹரிக்கேன் என்று சொல்வதும், பசிபிக்கின் மேற்கில் டைபூன் என்பதும் இதையேதான். அங்கே மணிக்கு 119 கிலோமீற்றரைத் தொட்டால்தான் ஹரிக்கேன் என்பார்கள். வங்காள விரிகுடாவில் 62 கிலோமீற்றரைத் தாண்டினாலே சூறாவளியென்று பெயர் வைத்துவிடுவார்கள்.

சுழற்சியின் திசை தெரிந்தால் என் குசினிக் கதவின் கதையும் விளங்கிவிடும். மையம் கிழக்கிலிருந்து நம்மை நெருங்கும்போது முதலில் வடக்குக் காற்று வீசும். மையம் நமக்கு வடக்காகக் குச்சவெளிப் பக்கம் கடந்தால், காற்று மெல்லத் திரும்பி, கச்சான் காற்று அடிக்கும் மேற்குத் திசையிலிருந்து தரை வழியாக வரும். அதே சூறாவளி நமக்குத் தெற்கே, மட்டக்களப்புப் பக்கம் கரையேறினால், காற்று திரும்பி, கிழக்கிலிருந்து கடலையும் கூட்டிக்கொண்டு வந்து கரையில் ஏற்றும். ஆகவே வானொலியில் கரையேறும் இடத்தைச் சொல்லும்போது, அது நமக்கு வடக்கா தெற்கா என்பதை முதலில் கேளுங்கள். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கம் இருக்கும். காற்றின் திசை மாறாமல் வேகம் மட்டும் ஏறிக்கொண்டே போனால் மையம் நேராக நம்மை நோக்கியே வருகிறது.

அப்படி நேராக வந்தால் நடுவில் ஓர் அமைதி உண்டு. 1978 நவம்பர் 23 அன்று சூறாவளி தாக்கியபோது மட்டக்களப்பில் இருந்த என் பெரியம்மா அதைப் பற்றிச் சொல்லும்போது இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். காற்று நின்றுவிட்டது என்று எண்ணி, விழுந்த கூரையைப் பார்க்க வெளியே போனவர்களை, எதிர்ப்பக்கமிருந்து திரும்பிய காற்று பிடித்துக்கொண்டதாம்.

கடல் ஏறும் அளவு காற்றை மட்டும் பொறுத்ததன்று, கடலடியையும் பொறுத்தது. திருகோணமலையில் கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே கடல் பெரும் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், தள்ளப்படும் நீர் கீழே பரவ இடமிருக்கிறது. பாக்கு நீரிணையோ ஆழமற்றது. 1964 டிசம்பர் 22 அன்று எங்கள் பக்கமாகத் தரையேறி வவுனியாவைக் கடந்துபோன சூறாவளிதான், அன்றிரவு தனுஷ்கோடியில் கடலை எழுப்பி, நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு ஒரு ரயிலை மூழ்கடித்தது. இதைச் சொல்வதால் நிலாவெளிக் கரையில் படுத்துத் தூங்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிழக்குக் காற்றில் வரும் அலைக்குக் கரையோரக் குடிசையை எடுத்துப்போகும் பலம் தாராளமாக உண்டு.

வீட்டைப் பொறுத்தவரை நான் கற்றது ஒன்றுதான்: காற்று உள்ளே நுழையக் கூடாது. கூரையின் மேலே ஓடும் காற்று அதை ஏற்கெனவே மேல்நோக்கி உறிஞ்சிக்கொண்டிருக்கும்; ஒரு கதவு திறந்து, உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து தள்ளத் தொடங்கினால் ஓடோ தகரமோ தாங்காது. வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும் என்பதால், ஐம்பது கிலோமீற்றர் காற்றைத் தாங்கிய கூரை நூறையும் தாங்கும் என்று நம்ப முடியாது. இப்போது நான்கு பக்கமும் அடைக்கிறேன். தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் அடைப்பதிலும் கட்டுவதிலும் நேரத்தைச் செலவிடாமல், கிராம அலுவலர் சொல்லும் பாடசாலைக்கோ கோயில் மண்டபத்துக்கோ பகல் வெளிச்சத்திலேயே போய்விடுவது நல்லது. அவசரத்துக்கு அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. உறுதியும் சான்றிதழ்களும் இப்போது மூடி இறுகிய பிளாஸ்டிக் வாளி ஒன்றுக்குள் இருக்கின்றன. மேலிருந்து வந்தாலும் கீழிருந்து வந்தாலும் தண்ணீர் அதற்குள் போகாது.

ஆனால் 2025 நவம்பர் இறுதியில் வந்த தித்வா சூறாவளி, காற்றைப் பற்றி நான் சேர்த்துவைத்திருந்த அறிவை ஒரு மூலையில் உட்கார வைத்துவிட்டது. அதில் பெரும்பாலான உயிர்களைக் கொண்டுபோனவை மலையகத்து மண்சரிவும் வெள்ளமும்தான். மூதூரில் இருக்கும் என் மாமி, காற்று ஓய்ந்தபின் துணிகளை வெளியே காயப் போட்டிருந்தார். மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலி வழியாகக் கொட்டியாரக் குடாவை நோக்கி இறங்கி வர நாட்கள் எடுக்கும் என்பதும், வானம் வெளித்த பிறகும் வெள்ளம் தொடரும் என்பதும் அவருக்கு வெருகல் பக்கத்து உறவினர்கள் தொலைபேசியில் சொன்னபோதுதான் உறைத்தது. மாவிலாற்றுக் கட்டு உடைந்த செய்தி வந்த நாளில், கொடியில் கிடந்த துணிகளை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினார். நம்முடைய மாவட்டத்தில் இருப்பவர்கள் சூறாவளி போன பின்பும், கண்டியிலும் பொலன்னறுவையிலும் எவ்வளவு மழை பெய்தது, எந்த நீர்த்தேக்கத்தின் வான்கதவுகளைத் திறந்தார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். ஓடும் வெள்ளத்தில் முழங்காலளவே ஆளைச் சரித்துவிடப் போதும் என்பதால், நடந்து கடந்துவிடலாம் என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும்.

மாமி திரும்பியபோது கிணற்றில் சேற்றுத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. நாங்கள் அவசரப்பட்டு மோட்டர் வைத்து ஒரே மூச்சில் இறைக்கத் தொடங்கினோம். சுற்றிலும் ஊறிப்போயிருந்த மணலின் அழுத்தத்தில் உள்ளே கீழ்வளையம் ஒன்று அரைச்சாண் அளவு நகர்ந்தது; மோட்டரை நிறுத்திவிட்டோம். நிலத்தடி நீர் இறங்கும் வரை காத்திருந்து, சிறுகச் சிறுக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொன்ன அளவுக்குக் குளோரின் போட்ட பிறகும், மாமி அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்கிறார். வளையம் இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது.